பட்டி மண்ணும் ஓர் ஏக்கர் சோளமும்

எங்கள் மண் ஆய்வுக்கூடம் அப்போது சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் இருந்தது. முன்னறையில் தராசுகள், சமையலறையில் அமிலங்கள், பின்கட்டில் மண் உலர்த்தும் தட்டுகள். அமிலத்துக்குச் சமையலறையைக் கொடுத்ததற்குக் காரணம், வீட்டிலேயே புகைபோக்கி இருந்த இடம் அது ஒன்றுதான். நான் வேதியியல் முடித்து, ஓராண்டு மண் ஆய்வுப் பயிற்சியும் முடித்து, இருபத்திரண்டு வயதில் அங்கே உதவியாளராகச் சேர்ந்தேன். கல்லூரியில் பூகோளம் எனக்குத் துணைப்பாடம். அதனால் சுவரில் தொங்கிய வட்டார வரைபடத்தில் குண்டூசி குத்தும் வேலையும் என்னிடமே வந்தது. சத்துக் குறைவான மண்ணுக்குச் சிவப்பு ஊசி, நடுத்தரத்துக்கு மஞ்சள், அதிகத்துக்குப் பச்சை. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1966-ஐ ஒட்டி நடந்த கதை இது.

மண் எங்களிடம் துணிப்பைகளில் வந்தது. கிராம சேவகர்கள் பைகளை விவசாயிகளிடம் கொடுப்பார்கள், எப்படி எடுப்பது என்று ஓர் அச்சிட்ட தாளும் கொடுப்பார்கள். நிரம்பிய பைகள் வாரம் ஒருமுறை சைக்கிளிலும் பஸ்ஸிலுமாக எங்கள் வாசலுக்கு வந்து சேரும். எந்தப் பையைத் திருப்பி அனுப்புவது என்று என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. ஈரமாக இருந்தால், எடை போதாமல் இருந்தால், உரச் சாக்கைக் கிழித்துத் தைத்த பையில் வந்தால், சீட்டில் சர்வே எண் இல்லாவிட்டால், பாதிக்கு மேல் கல்லாக இருந்தால். பட்டியல் எழுதுவது என் பழக்கம். தலையில் இருப்பதைவிடத் தாளில் இருப்பதை நம்புவேன்.

அரிசியும் சோளமும் தட்டுப்பாடாக இருந்த ஆண்டுகள் அவை. ரேஷன் கடையில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த சிவப்புச் சோளம் போட்டார்கள். அதே சமயத்தில் ஒட்டுச் சோளம் என்று புதிய விதை வந்தது. குட்டைச் செடி, சீக்கிரம் கதிர் பிடிக்கும், பழைய ரகத்தைப்போல இரண்டு மடங்கு விளையும் என்றார்கள். ஆனால் அதற்கு உரம் வேண்டும். அம்மோனியம் சல்பேட்டை ஊரில் எல்லோரும் உப்பு என்றே சொன்னார்கள். அது எல்லோருக்கும் போதுகிற அளவுக்கு வரவில்லை. அதனால் கூட்டுறவுச் சொசைட்டியில் எங்கள் அட்டையைப் பார்த்து மூட்டை கொடுத்தார்கள். அட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று மூன்று வரிசை, ஒவ்வொன்றுக்கும் எதிரே குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று கட்டங்கள். குறைவு என்று இருந்தால் முதலில் மூட்டை. அதிகம் என்று இருந்தால் மூட்டை கிடையாது. ஏட்டளவில் நியாயமான ஏற்பாடு.

மார்கழியில் வெண்ணந்தூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து வந்த பைகளில் ஒன்று மற்றவற்றைவிடக் கறுப்பாக இருந்தது. சீட்டு ஒழுங்காக எழுதியிருந்தது. கிணற்றுப் பாசனத் தோட்டம், ஓர் ஏக்கர், போடப்போவது ஒட்டுச் சோளம். என் பட்டியலில் உள்ள எந்தக் காரணமும் அதற்குப் பொருந்தவில்லை. உலர்த்தி, மரச் சுத்தியால் உடைத்துச் சலித்தபோது சல்லடையில் சிறு சிறு பழுப்புத் துணுக்குகள் தங்கின. தொழு உரம் நன்றாகப் போட்ட நிலம் என்று நினைத்துக்கொண்டு அவற்றைத் தட்டிவிட்டேன். மூன்று சத்தும் அதிகம் என்று வந்தது. சாதாரணமாக வரும் அளவுக்கு மிக மேலே இருந்ததால் திரும்ப ஒருமுறை செய்தேன். அதே எண் வந்தது. அட்டையில் மூன்று முறை 'அதிகம்' என்ற கட்டத்தில் குறியிட்டேன், அதிகாரி கையெழுத்துப் போட்டார், நான் பச்சை ஊசி குத்தினேன். அந்த ஒன்றியத்தில் அதுவே முதல் பச்சை. அட்டையை வாங்க வந்த கிராம சேவகர், "மொத மார்க்கு வாங்கின மண்ணுங்க. ஊருல போயிச் சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மாசி பிறந்து சில நாள் கழித்து ஒரு முற்பகல், பின்கட்டு வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய ஏதோ இருந்தது.

"இங்க மண்ணுக்கு மார்க்குப் போடற அம்மிணி யாருங்க?"

நான்தான் என்றேன்.

"நீங்களா? நெம்பச் சின்னப் புள்ளையா இருக்கறீங்க. கண்ணாடி போட்ட கெழவன் ஒருத்தன் உக்காந்திருப்பான்னு நெனச்சு, திட்டறதுக்கு பஸ்ஸு நெடுக்க வார்த்தை அடுக்கிட்டு வந்தனுங்க. அத்தனையும் வீணாப்போச்சு."

சாக்கைப் பிரித்தார். உள்ளே வேரோடு பிடுங்கிய மூன்று சோளச் செடிகள் இருந்தன. முழங்கால் உயரம்கூட வரவில்லை. கீழ் இலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக உள்நோக்கி மஞ்சளாகியிருந்தன. தழைச்சத்து இல்லாத செடிக்குப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் படம் அச்சு அசலாக அதுதான். மடியிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். என் குறிகள் மூன்றும் அதில் இருந்தன.

"இது உங்க எழுத்துத்தானுங்களே?"

"ஆமாங்க."

"எங்களுக்குக் கெணத்துத் தண்ணி பாயறது ஒரே ஒரு ஏக்கராதானுங்க. மத்ததெல்லாம் மேட்டுக்காடு, மழை பேஞ்சாத்தான் உண்டு. அந்த ஒரு ஏக்கராவுல வர்ற சோளத்த வெச்சுத்தான் ஊட்டுல அஞ்சு பேரு திங்கறம். நானு பாதிக்குப் பழைய சோளமே போடலாம்னு சொன்னேன். எங்க ஊட்டுக்காரரு கேட்டாத்தானே? மண்ணு மொத மார்க்கு வாங்கியிருக்குது புள்ள, மொத்தமும் புதுசே போட்டுப்புடலாம்னு போட்டுட்டாரு. சொசைட்டிக்குப் போனா, உங்க மண்ணுக்கு உப்பு வேண்டாம்னு அட்டையே சொல்லுதேன்னு அனுப்பிச்சுட்டாங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. "இப்ப இது வெளையலைன்னா நாங்க கப்பல் சோளத்துக்கு வரிசைல நிக்கோணுங்க. தோட்டமும் கெணறும் வெச்சுட்டு, பையத் தூக்கிட்டு நானு அங்க போயி நிக்கோணுமா?"

வரும் சனிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்றேன். அவர் செடிகளைத் திரும்பச் சுற்றிக்கொண்டார்.

"வாங்க. ஆனா வெறுங்கையோட பாத்துட்டுப் போறதுக்குன்னா வர வேண்டாங்க. பாத்துட்டுப் போறதுக்கு அங்க ஏற்கெனவே ஒருத்தரு இருக்கறாரு."

அன்று மாலை ஒரு தாளில், எண் தப்பாக வர என்னென்ன காரணம் இருக்கலாம் என்று எழுதினேன். பைகள் மாறியிருக்கலாம். கரைசல் பழையதாக இருந்திருக்கலாம். எடைக்கல் தேய்ந்திருக்கலாம். நான் கணக்கைப் பிழையாகப் போட்டிருக்கலாம். எடுத்துவைத்திருந்த மிச்ச மண்ணை மூன்றாம் முறை சோதித்தேன். அதே எண். தாளில் எழுதியிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அடித்தேன். அப்படியானால் எண் சரி, செடியும் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே நிலத்துடையவை என்பது மட்டும்தான் நான் சோதிக்காத விஷயம்.

சனிக்கிழமை வெண்ணந்தூரில் இறங்கினேன். கிராம சேவகர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார், நான் கூட நடந்தேன். வழியில் வலதுபக்க நிலத்தை எல்லாம் காடு என்றார், இடதுபக்கத்தைத் தோட்டம் என்றார். நாங்கள் வரைபடத்தில் நன்செய், புன்செய் என்று இரண்டு நிறம் பூசியிருந்தோம். இங்கே யாரும் அப்படிப் பிரிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் எட்டுகிற வரை தோட்டம், எட்டாத இடத்திலிருந்து காடு. கிணறு வற்றிய ஆண்டில் தோட்டம் சுருங்கும். நிறத்தைப் பூசிக் காய வைக்க முடியாத வரைபடம்.

அவர்களுடைய வீடு கிணற்றுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அம்மாளின் கணவர் கிணற்றில் கவலை என்ற எருது இறைப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கும்போது தோல்பை நிறைந்து மேலே வரும், தண்ணீர் வாய்க்காலில் கொட்டும், எருதுகள் பின்னுக்கு நடந்து ஏறும். நாங்கள் வந்ததைப் பார்த்ததும் எருதுகளை நிறுத்திவிட்டு வந்தார். என்னை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. அவருடைய மண்ணுக்கு முதல் மார்க் போட்டவள் நான்.

சோளத்தைப் பார்த்தேன். ஏக்கர் முழுவதும் ஒரே மஞ்சள். பிறகு அவரிடம் கேட்டேன்.

"பையில போட்ட மண்ணை எங்க எடுத்தீங்க?"

"வாங்க, காட்டறனுங்க."

வயலை விட்டு வெளியே வந்து, கிணற்றைச் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே மூங்கில் படல்கள் நிறுத்திய ஒரு சதுரம் இருந்தது. ஆட்டுப்பட்டி. ஆடுகள் மேயப் போயிருந்தன. தரை கறுப்பாக, மெத்தென்று இருந்தது.

"இங்கதானுங்க. ஏழெட்டு வருசமா ஆடு அடைக்கற எடம். இதவிட நல்ல மண்ணு இந்த ஊருலயே கெடையாதுங்க."

கிராம சேவகர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "நோட்டீஸுல எட்டு எடத்துல எடுக்கோணும்னு போட்டிருந்துச்சுங்களே."

"எட்டு எடத்துலதான் எடுத்தேன். பட்டிக்குள்ளயே எட்டு எடம்."

"சோளம் போடற எடத்துல எடுக்கணும்னு தோணலையா?" என்று நான் கேட்டேன்.

"அங்கயா?" என்று வயலைத் திரும்பிப் பார்த்தார். "அது எப்பவும் இருக்கற மண்ணுதானுங்களே அம்மிணி. சேலத்துக்கு, சர்க்காரு ஆபீசுக்கு, பேரும் ஊரும் எழுதி அனுப்பறோம். பொண்ணுப் பாக்க வாரவங்க முன்னால, களை வெட்டற சீலையோடயா புள்ளையக் கொண்டாந்து நிறுத்துவாங்க?"

"என்னையப் பாக்க வந்தப்பவும் இவரு அப்படித்தானுங்க," என்று பின்னாலிருந்து அம்மாள் சொன்னார். "எரவல் வேட்டி கட்டிட்டு வந்தாரு. கலியாணம் ஆகி மூணாம் நாளு இவரு அண்ணன்காரன் வந்து வேட்டியக் கேட்டு வாங்கிட்டுப் போனான்."

கிராம சேவகர் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. தவறு என்ன என்பது அவருக்கு அப்போதுதான் புரியத் தொடங்கியது என்று நினைக்கிறேன். பட்டி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

சல்லடையில் தங்கிய பழுப்புத் துணுக்குகளைப் பற்றி நான் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பிழையைப் பங்கு போட்டு எழுதும்போது என் பங்கையும் எழுத வேண்டும்.

"புழுக்கையப் பாத்துமா உங்களுக்குத் தெரியல?" என்றார் அம்மாள்.

"பார்த்தேன். நொறுங்கி இருந்தது. தொழு உரம்னு நினைச்சேன்."

"எங்க ஊட்டு மூணு வயசுப் பேரன் சொல்லியிருப்பான்."

வயலில் நானே மண் எடுத்தேன். வரப்பு, வாய்க்கால், மரநிழல், குப்பை கொட்டிய இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, வளைந்து வளைந்து நடந்து, ஒரு சாண் ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி, ஓரத்தை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். அம்மாள் களைக்கொத்தோடு கூட வந்தார். இரண்டாவது குழியிலிருந்து நான் காட்ட வேண்டியிருக்கவில்லை. எடுத்த மண்ணையெல்லாம் சாக்கில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்வட்டம் இரண்டை வீசிவிட்டு மறுபடியும் கலந்தேன்.

"பாதிய வீசறதுக்கு எதுக்குங்க அத்தனை தோண்டறது?"

"எல்லா இடமும் கொஞ்சம் கொஞ்சம் உள்ள வரணும். மொத்தமும் வேண்டாம்."

"பானைல ஒரு பருக்கைய நசுக்கிப் பாக்கற மாதிரியா?"

"பானையைக் கிண்டிவிட்டுட்டு நசுக்கற மாதிரி."

ஒரு சிட்டிகை மண்ணில் தண்ணீர் விட்டு விரலிடையே தேய்த்துப் பார்த்தேன். மணல் கலந்த செம்மண், பிசுபிசுப்பு குறைவு. கணவர் தள்ளி நின்று பார்த்தார். "பட்டணத்துப் புள்ள மண்ணத் தின்னே பாக்கப்போவுதாட்ட இருக்குது" என்று கிராம சேவகரிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் கொஞ்சம் தேறிவிட்டார் என்று அறிந்துகொண்டேன்.

கல்லூரியில் பூகோளப் பாடத்தில், ஒரு சந்தை ஊரைச் சுற்றி வளையம் வளையமாகப் பயிர்கள் அமைவதைப் பற்றிப் படித்திருந்தேன். பக்கத்து வளையத்தில் கவனிப்பு அதிகம், தூரம் போகப் போகக் குறையும். அந்தத் தோட்டத்தில் நின்றபோது அதே வளையங்கள் ஒரு வீட்டைச் சுற்றி இருந்தன. பட்டி, அடுத்து மாடு கட்டும் கட்டுத்தரை, அடுத்துக் கத்தரியும் மிளகாயும் நிற்கும் சிறு பாத்திகள், அதற்கடுத்து சோளத் தோட்டம், கடைசியில் மேட்டுக்காடு. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எத்தனை நடை நடக்க முடியுமோ அத்தனை தூரத்துக்குத்தான் எரு போயிருந்தது. நடுவளையத்தின் மண் என்று எனக்கு வந்தது உள்வளையத்தின் மண்.

திங்களன்று உலர்த்தி, செவ்வாயன்று சோதித்தேன். தழைச்சத்து குறைவு. மற்ற இரண்டும் நடுத்தரம். அதிகாரி புதிய அட்டையில் கையெழுத்துப் போடும்முன் பழையதைக் கேட்டு வாங்கி இரண்டாகக் கிழித்தார். பச்சை ஊசியைப் பிடுங்கிவிட்டுச் சிவப்பைக் குத்தினேன். ஆனால் புதிய அட்டை சொசைட்டிக்குப் போனபோது மூட்டைகள் தீர்ந்துவிட்டிருந்தன. அடுத்த வண்டி எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது. சோளம் விதைத்து முப்பது நாள் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு வாரம், பத்து நாள்தான். அதற்குப்பின் உரம் வந்தாலும் கதிருக்குப் போகாது.

அந்த வாரத்தில்தான் எனக்கு ஒன்று தோன்றியது. முதலில் தோன்றியிருக்க வேண்டியது, கடைசியில் தோன்றியது. அந்தப் பட்டி மண்ணில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று மூன்று முறை சோதித்த எண் என்னிடம் இருந்தது. சோளத் தோட்டத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதும் இப்போது தெரியும். இரண்டையும் வைத்துப் போட்டால் ஏக்கருக்கு எத்தனை கூடை பட்டி மண் என்று வந்துவிடும். தழைச்சத்து முழுதும் உடனே செடிக்குக் கிடைக்காது, பாதிக்கும் குறைவாகவே வைத்துக் கணக்கிட்டேன். அதிகாரியிடம் காட்டினேன். இதைச் சிபாரிசாக எழுத அட்டையில் இடம் இல்லை என்றார். பிறகு, "வாய்மொழியாச் சொல்லு" என்றார்.

மறுநாளே போனேன். வீட்டில் பருத்தி நிறுக்கும் தராசு இருந்தது, ஒரு கூடை பட்டி மண்ணை நிறுத்தோம். என் தாளில் இருந்த எடையைக் கூடைக் கணக்காக மாற்றியதும் கணவர் பட்டியைப் பார்த்தார்.

"மொத்தப் பட்டியும் போயிருமுங்களே."

"ஒரு முழ ஆழத்துக்கு எடுக்கணும். கிட்டத்தட்ட மொத்தமும்தான்."

"அது மஞ்சளுக்குன்னு வெச்சிருக்கறதுங்க அம்மிணி. வைகாசில சோளத்த அறுத்துட்டு மேல்பாத்திக கால் ஏக்கராவுல மஞ்சள் நடோணும். மஞ்சளுக்குப் பட்டி மண்ணு இல்லீன்னா கெழங்கு பெருக்காது. நாமகிரிப்பேட்டை சந்தைல ஒருத்தனும் தொட்டுப் பாக்கமாட்டான்."

"மஞ்சளச் சோத்துல பெசஞ்சு திம்பீங்களா?" என்றார் அம்மாள்.

"மஞ்சள் வித்தாத்தான் புள்ள இந்தக் கெணத்துல மோட்டாரு வெக்க முடியும். ரெண்டு மஞ்சள் எடுத்தா மோட்டாரு. எருதுகளுக்கும் வயசாச்சு. எத்தன காலத்துக்கு முன்னையும் பின்னையும் நடந்துட்டே இருக்கறது?"

"மோட்டாரு வந்து தண்ணி எடுக்கும். தண்ணிய யாரு குடிச்சுட்டு உக்காந்திருக்கறது? நானு வரிசைல நிக்கமாட்டேன். சொல்லிப்போட்டேன். நீங்க வேணும்னா மஞ்சள் யாவாரி மாதிரி துண்ட மடிச்சுப் போட்டுட்டுப் போயி நில்லுங்க."

தன் தேவைக்கு விளைவிக்கும் வேளாண்மை, சந்தைக்கு விளைவிக்கும் வேளாண்மை என்று உலக வரைபடத்தில் தனித்தனிக் கண்டங்களில் நிறம் பூசிப் படித்தவள் நான். இங்கே இரண்டும் ஒரு பட்டியின் இருபுறமும் நின்று ஒரே மண்ணுக்கு வாதாடிக்கொண்டிருந்தன. இருவரும் சொன்னது சரிதான்.

கணவர் போய்ப் படல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். "அம்மிணிக்குச் சாப்பாடு போடு" என்று மட்டும் சொன்னார்.

மேலே தூவினால் காற்றிலும் வெயிலிலும் வீணாகும் என்பதால், வாய்க்காலின் தலைப்பில் பட்டி மண்ணைக் குவித்து, தண்ணீரில் கரைத்துப் பாய்ச்சுவது என்று முடிவு செய்தோம். அது அவர்களுக்குத் தெரிந்த முறைதான். மிளகாய்க்கு அப்படிச் செய்வார்கள். சோளத்துக்கு யாரும் செய்ததில்லை. அந்தக் கிணற்றில் கவலை ஓட்டி ஒரு நாளில் கால் ஏக்கர் பாயும். நான்கு நாள். முதல் நாள் நானும் இருந்தேன். அம்மாள் கூடை கொட்டினார், கணவர் எருதுகளை ஓட்டினார், அவர்களுடைய மருமகள் பாத்தி பாத்தியாக மடை திருப்பினாள். ஒரு பாத்திக்கு இத்தனை கூடை என்று நான் எண்ணிச் சொன்னேன். பத்துப் பாத்தி முடிந்ததும் அம்மாள் என்னைப் பார்த்து, "அம்மிணி, எண்ணற வேலைய நானு பாத்துக்கறேன். நீங்க இந்தக் கூடைய ஒருக்காத் தூக்கிப் பாருங்க" என்றார். தூக்கினேன். அதற்குப் பிறகு நான் சொல்லும் ஒவ்வொரு கூடைக்கும் இடையே கொஞ்சம் நேரம் விட்டேன்.

பதினோராவது நாள் கிராம சேவகர் ஒரு சோள இலையை நோட்டுப் புத்தகத்தில் வைத்துக் கொண்டுவந்தார். நடு இலை. பச்சை. கீழ் இலைகள் மஞ்சளானது மஞ்சளானதுதான், புதிதாக வருவதெல்லாம் பச்சை என்றார்.

இதற்கிடையில் ஒன்று நடந்தது. அட்டையில் 'குறைவு' இருந்தால்தான் மூட்டை என்பது அந்தச் சுற்றுவட்டாரம் முழுதும் தெரிந்துவிட்டது. பங்குனியில் அடுத்த பருவத்துக்கான பைகள் வந்தன. ஒரு பையில் உப்புப் பூத்த களர் மண். ஒன்றில் ரோட்டோரச் சரளை. ஒன்றில் செங்கல் சூளையின் சாம்பல், அது இன்னும் லேசாகச் சூடாகக்கூட இருந்தது என்று சொன்னால் மிகை, ஆனால் கை வைத்துப் பார்த்தேன். சிவப்பு ஊசிகள் தீர்ந்துபோயின. அதிகாரி வரைபடத்தின் முன் நெடுநேரம் நின்று, "இந்த ஊர்கள்ல புல்லாவது முளைக்குதா?" என்று கேட்டார். முளைக்கிறது, நான் பார்த்தேன் என்றேன். அத்தனை பைகளையும் திருப்பி அனுப்பினோம். அதிலிருந்து அந்த ஒன்றியத்தில் மண் எடுக்க நானும் கிராம சேவகரும் நேரில் போனோம். ஞாயிறு காலைப் பூசைக்குப் போகும்போது என் செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்து என் அம்மா ஒரு துணியை எடுத்து நீட்டுவது வழக்கமாயிற்று.

சித்திரைக் கடைசியில் அறுவடை. தூற்றி முடித்த அன்று பிற்பகல் போய்ச் சேர்ந்தேன். களத்தில் சோளம் குவித்திருந்தது. மாதிரிப் பண்ணையில் விளைந்ததாகச் சொன்ன அளவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஒரு மாதம் பசியோடு நின்ற பயிர் அது. பழைய சோளம் நல்ல ஆண்டில் தரும் அளவைவிடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். ஒரு பக்கம் மாட்டுத் தீவனத்துக்கான சோளத்தட்டு அடுக்கியிருந்தது. பழைய ரகத்துத் தட்டு ஆளைவிட உயரம். இது கணவரின் நெஞ்சுவரைகூட இல்லை. எருதுகளுக்கு ஆடி வரைக்கும் வராது என்றார். தட்டு இல்லாவிட்டால் எருது இல்லை, எருது இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாவிட்டால் எந்த விதையானாலும் ஒன்றுதான். புதிய விதையைப் பற்றி எங்களுக்கு வந்த அச்சுத்தாள்களில் தட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"அடுத்த போகத்துக்குப் பாதிக்குப் பழசு போட்டர்றனுங்க," என்று அவராகவே சொன்னார். "எருதுக்குப் பழசு, எங்களுக்குப் புதுசு."

"இத நானு தையில சொன்னேன்," என்றார் அம்மாள்.

மஞ்சள் அந்த ஆண்டு நடவில்லை. மோட்டார் தள்ளிப்போயிற்று.

அம்மாள் வள்ளம் என்ற அளவுப்படியை எடுத்து அளக்க உட்கார்ந்தார். முதல் வள்ளத்துக்கு எண் சொல்லாமல் "லாபம்" என்றார், அங்கே அப்படித்தான் தொடங்குவார்கள். பிறகு இரண்டு, மூன்று. மருமகள் சாக்கைப் பிடித்துக்கொண்டாள். அளந்து முடிந்ததும் அவர் விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். அஞ்சு பேர், ஒரு நாளைக்கு இவ்வளவு, விருந்தாளி வந்தால் இவ்வளவு, விதைக்கு இவ்வளவு.

"ஐப்பசி வரைக்கும் வரும்," என்றார். "அதுக்குள்ள காட்டுக் கம்பு வந்துருமுங்க."

பயிர் விவரப் படிவத்தை நான் எடுத்து வைத்திருந்தேன். விளைச்சல் என்ற கட்டத்துக்கு எதிரே எடையை எழுத வேண்டும். வள்ளத்தை எடையாக மாற்றத் தராசு கேட்டேன். அம்மாள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, வீட்டுக்குள் மூட்டைகளைத் தூக்கிவைக்கக் கணவரைக் கூப்பிட்டார்.

"நிறுக்கறதுன்னா சீக்கிரம் நிறுத்துக்குங்க அம்மிணி. இன்னைக்கு ராத்திரிக்கே இதுல உலை வெக்கப்போறேன்."